அடியேன்

“என்னப்பா இது? அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பேசின ஆக்களைப் பற்றின பேச்சை ‘அடியேன்’ எண்டு தொடங்கியிருக்கிறீங்கள்!”

மனோர் பார்க்கில் நான் ஏறிய பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். நூலகத்தில் அன்று பேசப் போவது மனைவி; எழுதிக் கொடுத்தவர் கணவர்.

“அது பணிவு. பணிவாத் தொடங்கினாத்தான் சனம் காது குடுத்துக் கேக்கும்.”

“அடியேன் எண்டா உங்கட அடிமை எண்டுதானே அர்த்தம்?”

“ஆரப்பா இப்ப அப்பிடி யோசிக்கிறது?”

“ஐயோ, உங்களோட ஏலாது! அடிமையளைச் சரக்கு எண்டு சொல்லிக்கொண்டிருந்த சனத்தை, அவையும் மனிசர் எண்டு சொல்ல வைக்கத்தானே அவையள் அவ்வளவு பேச்சுப் பேசினவை!”

கணவர் பெருமூச்சு விட்டுப் பேனையை எடுத்தார்.

“சரி, எப்பிடித் தொடங்கிறது?”

“‘நான்’ எண்டு.”