மிச்சத் தோல்

...வெட்டுற துணியில மிச்சம் விழுந்தா அது யாருக்குச் சொந்தம்? நீங்களே சொல்லுங்க வேளாரே. துணி குடுத்த ஆளுக்குத்தானே? இந்தத் திருமயத்துல கடை போட்ட நாள்லேருந்து ஒரு சாண் துணிய நான் அமுக்குனதில்ல. காலருக்கு வெட்டுன துண்டக்கூட சுருட்டிக் கையில குடுத்துருவேன். மெட்ராசுல அம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரி, அம்புட்டுப் பெரிய டாக்டரு, 'அதெல்லாம் தர முடியாதுய்யா'ங்கிறாரு! என் தோலுங்க அது! நான் சோறு போட்டு வளத்த தோலு!... கையத் தூக்குங்க. மாரளவு எடுக்கணும். ம்... அப்புடியே நில்லுங்க, டேப்பு நழுவுது.

என்ன அப்புடிப் பாக்குறீங்க, என் வயித்தையா? வாரேன், வாரேன், அதுக்குத்தான் வாரேன். மொதல்லேருந்து சொன்னாத்தான் வெளங்கும்.

அய்யனாருக்குப் புரவி எடுக்குறதுல இந்த வருசம் மொத மரியாதை என் முறை. மண்ணுக் குதிரை செய்யிற ஆளு, ஒங்களுக்கு நாஞ் சொல்லணுமா? கடைசியா நயா பைசா வந்த வருசம் எடுத்தது. அப்புறம் மழையில்லன்னாங்க, பங்காளிகளுக்குள்ள வழக்குன்னாங்க, இழுத்து இழுத்து இந்த ஆனியில வந்து நிக்கிது. தலையில பரிவட்டம் கட்டி, இடுப்புல துண்டக் கட்டி, ஒங்க பெரிய குதிரைக்கு முன்னால நின்னு மாலை வாங்கணும். சட்டையில்லாம! அதாங்க கொடுமை. அடுத்தவன் ஒடம்புல என்ன கோளாறு இருந்தாலும் நான் மறைச்சுத் தச்சுப்புடுவேன். கூன மறைச்சிருக்கேன். ஒரு பக்கத் தோளு எறங்குனத மறைச்சிருக்கேன். ஒரு மாப்பிள்ளைக்கு மாரே கெடையாது, தட்டுப் பலகை மாதிரி இருப்பான், அவனுக்கே நான் மாரு வச்சுத் தாலி கட்ட அனுப்புனேன். எனக்கு மட்டும் சாமி வந்து சட்டையக் கழட்டுங்குது!

நான் எப்புடி இருந்தேன்னு பாத்திருக்கீங்கள்ல? மிசின்ல உக்காந்தா ஊசி எங்க குத்துதுன்னு எனக்கே தெரியாது, வயிறு மறைச்சுக்கும். பள்ளிக்கூடத்துலயே எனக்கு நெல்லுப் பத்தாயம்னுதான் பேரு. வாத்தியாரே அப்புடித்தான் கூப்புடுவாரு. சிரிச்சுக்கிட்டே 'உள்ளேன் ஐயா'ம்பேன். சிரிக்காம என்ன செய்ய? சரி, நம்ம முறை வந்திருச்சேன்னு சந்தோசமா இருக்குறப்ப, எம் பங்காளி சோலையப்பன், அந்த நாக்குல நரம்பில்லாத பய, போன வருசம் ஊருக்கூட்டத்துல எந்திரிச்சு, 'நாகராசு முன்னால நின்னா பின்னால குதிரை எப்புடிய்யா தெரியும்?'னுட்டான். ஊரே சிரிச்சுச்சு. பொம்பளைங்க முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. எம் பொண்டாட்டி செவந்தி, அவளுஞ் சிரிச்சா!

அன்னைக்கு விட்டேன் சோத்த. வருசம் பூரா கேப்பக்கூழு. காலையில எந்திரிச்சு நமனசமுத்திரம் வரைக்கும் நடை. வழியில புள்ளைங்க கல்லால அடிக்காத கொறை. இட்லிக் கடைப் பக்கம் போறப்ப மூக்கப் பொத்திக்கிட்டுப் போவேன், எதோ பொணம் கெடக்குற மாதிரி. எளைச்சேங்க! பாதி ஆளாப் போனேன். பஸ்சுல ஒரு சீட்டுல முழுசா உக்காந்தேன், பக்கத்துல ஒரு ஆளு உக்கார எடமும் இருந்துச்சு. அழுகையே வந்துருச்சு எனக்கு.

ஆனா பாருங்க... கொழுப்புப் போச்சு, தோலு போகல. திரும்புங்க, முதுகு. ஆளு சிறுத்துட்டான், உறை பழைய அளவு! வயித்துத் தோலு மடிஞ்சு மடிஞ்சு தொங்குது. கையத் தூக்குனா அடியில வௌவாலு. குளிச்சுட்டு ஒவ்வொரு மடிப்பா விரிச்சுத் தொவட்டணும், அதுக்கே அரைமணி நேரம் போயிரும். செவந்தி பாத்துட்டு, 'சட்டையக் கழட்டு சட்டையக் கழட்டுன்னா, கழட்டுன பெறகும் சட்டை போட்ட மாதிரியே இருக்கீங்க'ங்கிறா. இத வச்சுக்கிட்டு ஊருக்கு முன்னால எப்புடி நிக்கிறது?

அப்பத்தான் புதுக்கோட்டையில ஒரு கம்பவுண்டரு சொன்னாரு. மெட்ராசுல சீமைக்குப் போய்ப் படிச்சுட்டு வந்த டாக்டரு ஒருத்தரு, தொங்குற தோல வெட்டிட்டு இழுத்துத் தைக்கிறாராம். தைக்கிறாருன்னா நம்ம தொழிலுதானே! மாசியில ரயிலேறிட்டேன். போறதுக்கு முன்னாடி கண்ணாடி முன்னால நின்னு, சாக்பீசால இந்த இடுப்புலேருந்து அந்த இடுப்பு வரைக்கும் நானே கோடு போட்டுக்கிட்டேன். எதுக்குன்னா, அவரு நேரம் மிச்சமாகட்டும்னுதான். டாக்டரு சட்டையத் தூக்கிப் பாத்துட்டு, 'யாருய்யா போட்டது?'ன்னாரு. 'நாந்தாங்க, டெய்லரு'ன்னேன். 'நேராத்தான் இருக்கு'ன்னாரு. நல்ல மனுசன், அதுவரைக்கும்.

எல்லாத்துக்கும் வழி சொன்னாரு. மயக்க மருந்து குடுப்பாங்களாம். தழும்பு இருக்குமாம், வேட்டி கட்டுற எடத்துல மறைஞ்சுக்குமாம். நானும் நம்ம பக்கத்தச் சொல்லணும்ல? 'அய்யா, வெட்டுறத வெட்டுங்க. ஆனா ஒட்ட வெட்டிறாதீங்க. உள்ள ஒரு ரெண்டு இஞ்சு மடிச்சு விட்டுத் தைங்க'ன்னேன். 'எதுக்குய்யா?'ன்னாரு. 'நாளைக்கு ஒடம்பு போட்டா பிரிச்சு விடணும்லங்க?'ன்னேன். இதுல என்னங்க தப்பு? வளர்ற புள்ளைக்கு டவுசரு தச்சா உள்ள துணி விடுறோமா இல்லையா? அந்தாளு கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிறாரு. சரி போகட்டும்னு, 'மொதல்ல ஓட்டுத்தையலாப் போட்டு நடந்து பாப்போம், குனிஞ்சு நிமுந்து பாப்போம், பிடிக்கலன்னா மாத்திக்கலாம்'னேன். நர்சம்மா வெளிய ஓடிப்போய்ச் சிரிக்கிது. கடைசியாத்தான் அந்த மிச்சத் தோலக் கேட்டேன். அதுலதான் அவருக்குக் கோவம் வந்துருச்சு.

அதக்கூடப் பொறுத்துக்கிட்டேங்க. 'இப்ப முடியாது. எடை ஏறாம எறங்காம ஆறு மாசம் நிக்கணும், அதுக்கப்புறம் வா'ன்னுட்டாரு. ஆறு மாசமா! ஆனி எப்ப, ஆவணி எப்ப? குதிரை கோயிலுக்குப் போன பெறகு எனக்கு எதுக்குங்க தோலு வெட்டு?

ரயில்ல திரும்பி வாறப்ப சன்னல்ல சாஞ்சுக்கிட்டு யோசிச்சேன். உறை பெருசா இருக்குன்னு உறைய ஏன் வெட்டணும்? பஞ்ச அடைச்சாப் போச்சு! கத்தி வேணாம், மயக்க மருந்து வேணாம். திருச்சி டேசன்லயே திங்க ஆரம்பிச்சுட்டேன். இங்க வந்து பிச்சையம்மா கடை வெள்ளைப் பணியாரம், காலையில, மத்தியானம், சாயங்காலம். இப்பப் பாருங்க, தொட்டுப் பாருங்க, கூச்சப்படாதீங்க! ஒரு சுருக்கம் இருக்கா? மொளகாய் வத்தலக் காயப் போடலாம், அப்புடி இருக்கு!

ஆமா. கொஞ்சம் கூடிப் போச்சு. முன்னைக்கு இப்ப... கொஞ்சம் கூடத்தான். அதுக்குத்தான் வேளாரே, ஒங்கள இம்புட்டு நேரம் நிக்க வச்சேன். இந்தச் சட்டைக்குக் கூலி வேணாம், தையல் அய்யனாரு கணக்கு. எனக்கு ஒண்ணு செய்யணும். குதிரைய ஒரு ரெண்டு முழம் ஒசத்திச் செஞ்சுருங்க. நான் முன்னால நின்னாலும் தலைக்கு மேல கழுத்து தெரியணும், காது தெரியணும், மணி தெரியணும். சோலையப்பன் வாய அடைக்கணும்ங்கிறதுகூட அப்புறந்தான். பத்தாயத்தப் பாத்துச் சிரிச்ச ஊரு, ஒருக்கா, ஒரே ஒருக்கா, சிரிக்காம என்னையப் பாக்கணுங்க. அம்புட்டுத்தான் எனக்கு ஆசை. கழுத்தளவு பதினைஞ்சரை.

என்ன... குதிரை வெந்து சூளை பிரிச்சாச்சா? எப்ப? போன வெள்ளிக்கெழமையா? சரி, சரி, பெரிய குதிரையாத்தானே இருக்கும், எப்பவும் ரெண்டாளு ஒசரம் செய்வீங்களே... இல்லையா? ஏன்? எவன் கொறைக்கச் சொன்னான்? சோலையப்பனா? அவன் கைய...

நானா?

நான் எப்பங்க சொன்னேன்? தையிலயா... குதிரை செய்யப் பிடிமண்ணு குடுத்த அன்னைக்கா... ஆமா. ஒங்கள வேலியோரமாக் கூட்டிட்டுப் போய்... ஆமா, ஆமா. 'குதிரை பக்கத்துல நின்னா உரிச்ச கோழி மாதிரி இருப்பேன் வேளாரே, அடக்கமாச் செய்யுங்க'ன்னு... அப்ப நான் எளைச்சிருந்தேங்க!

எம்புட்டு ஒசரம் செஞ்சீங்க?... கையக் காட்டுங்க.

என் நெஞ்சு ஒசரத்துக்கா? அதுக்கும் கீழயா?

...எங்க போறீங்க, இருங்க வேளாரே. டேப்பு ஒங்க இடுப்புலயே கெடக்கு. ஒங்க சட்டைக்காவது அளவச் சரியா எடுத்துக்கிறேன்.