வடிகட்டியில் நின்ற மெயில்கள்

குப்பை மெயில் யாருக்குத்தான் பிடிக்கும்? எங்கள் அச்சகத்தில் கணினியைத் திறந்தாலே லாட்டரிப் பரிசும் வழுக்கையில் முடி முளைக்கும் தைலமும்தான் முதலில் வந்து நிற்கும். மெயில் சர்வர் என் பொறுப்பு. அதனால் குப்பையை வடிகட்டும் மென்பொருள் ஒன்றை நிறுவினேன். முதலாளிக்கு வாயெல்லாம் பல். கணக்கர் மட்டும் தலையைத் தடவிக்கொண்டே, தைலக்காரன் ஏன் எழுதுவதில்லை என்று கேட்டார்.

அம்மாவுக்கும் அதே சர்வரில் ஒரு முகவரி போட்டுக் கொடுத்திருந்தேன். தம்பிக்குச் சரக்குக் கப்பலில் வேலை. அம்மா அழுது தடுத்தும் கேட்காமல் போனவன். நடுக்கடலில் போன் கிடையாது, மெயில்தான்.

அவள் படுத்த படுக்கையான பிறகு குளிப்பாட்டியது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தது, மருந்து கொடுத்தது எல்லாம் நான்தான். சொல்லிக்காட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நான் ஊட்டும்போது அவள் கண் மெயில் பார்க்கும் டேப்லெட்டிலேயே இருக்கும். தம்பியின் நாலு வரி வந்தால் முகம் மலர்ந்துவிடும்.

"சின்னவன் சாப்ட்டியானு கேட்டிருக்கான்டா, பாரேன்."

கையில் ஸ்பூனோடு பார்ப்பேன். வலிக்கும். என்னைப் பற்றி அவள் வாயால் ஒரு நல்ல வார்த்தை நான் கேட்டதில்லை.

அந்த மென்பொருள் நாம் காட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். சில மெயில்களைக் குப்பை என்று காட்டினால், அதே சொற்கள் உள்ளதையெல்லாம் தானே நிறுத்திவைக்கும். தம்பியின் பழைய மெயில்களைக் காட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

கண்ணு, சாப்ட்டியா, உடம்பைப் பாத்துக்க எல்லாம் அதற்குக் குப்பையாகிவிட்டன. அம்மா எழுதுவதும் அதே பேச்சுத்தானே. அவள் தம்பிக்கு அனுப்பியவையும் வெளியே போகாமல் நின்றன. இதை நான் எதிர்பார்க்கவில்லை. தெரிந்த பிறகு மாற்றவும் இல்லை.

நிறுத்திவைத்த மெயில்களை நான் திறப்பதில்லை. அடுத்தவர் மெயிலைப் படிப்பது எங்கள் தொழிலில் அசிங்கம். தலைப்பு மட்டும் கண்ணில் படும். தம்பியுடையது: "லீவு போட்டு வரட்டுமாம்மா?" அதற்குக் கீழே அம்மாவுடையது: "ஒரு தடவ வந்துட்டுப் போ."

"சின்னவன் எழுதலயாடா?"

"வேலையா இருப்பான்மா."

"எம்மேல கோவமோ?"

"தூங்கும்மா."

கடைசி வாரம் கேட்பதை விட்டுவிட்டாள். டேப்லெட்டை நெஞ்சின்மேல் வைத்தபடியே கிடந்தாள். பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. ஆனால் ஊட்டும்போது என்னைப் பார்த்தாள்.

அவள் போன பிறகு கப்பல் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினேன். எல்லாம் முடிந்த பிறகுதான் தம்பியால் வர முடிந்தது. காலியான கட்டிலில் உட்கார்ந்தான்.

"கடைசிவரைக்கும் அம்மா என்ன மன்னிக்கவே இல்லயாண்ணே? ஒரு பதில்கூடப் போடலயே."

"மன்னிச்சிருப்பாடா," என்றேன்.

மறுநாள் அச்சகத்தில், வாடிக்கையாளர் மெயிலும் சிக்குகிறது என்று முதலாளி சத்தம் போட்டார். மென்பொருளை நீக்க உட்கார்ந்தேன். நீக்கும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: நிறுத்திவைத்தவற்றை அனுப்பவா, அழிக்கவா? அப்போதுதான் அம்மாவின் கடைசி மெயிலைத் திறந்தேன்.

"பெரியவன் என்னக் கொழந்த மாதிரி பாத்துக்கறான் கண்ணு. அவன மாதிரி புள்ள யாருக்கும் கெடைக்காது. நேர்ல சொன்னா அழுதுடுவான், அதான் உங்கிட்ட சொல்றேன். எம்மேல ஒனக்குக் கோவம் இருந்தாலும் பரவால்ல, ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போ."

அவள் சொன்னது சரி. அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு எல்லாவற்றையும் அழித்தேன், அவன் எழுதியது, அவள் எழுதியது எல்லாம். அந்தக் கடைசி மெயிலை மட்டும் என் பெட்டிக்கு மாற்றிக்கொண்டேன். தம்பிக்கு வந்ததை நான் எடுத்துக்கொண்டதாக யாரும் சொல்ல முடியாது. அதில் இருப்பது முழுக்க என்னைப் பற்றித்தான்.