மின்னொளி உபயம்

கரண்ட் பில் வருகிற நாளில் எங்கள் தெருவில் ஆண்கள் எல்லாருக்கும் திடீரென்று சிக்கனம் வந்துவிடும், ஹாஜியார். எரிகிற பல்பை எல்லாம் அணைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவார்கள். மறுநாள் காலையில் குணமாகிவிடும். எனக்கு மட்டும் அது குணமாகவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

திடீர் மரண விசாரணை அதிகாரியாக நீங்கள் அன்று எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பின் அறைப் பிள்ளை பிறந்ததிலிருந்தே பலவீனமா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். காய்ச்சல் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். இரண்டும் உண்மை. நீங்கள் கேட்காததை நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது ஊரில் வேறு மாதிரிப் பேச்சு அடிபடுகிறது. அது அரையும் குறையுமாக உங்கள் காதுக்கு வந்து சேருவதைவிட, நானே முழுதாகச் சொல்லிவிடுவது மரியாதை. அவசரமில்லை, ஆறுதலாக எழுதிக்கொள்ளுங்கள். கடையைப் பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

மாத்தளையில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. மிளகு, கராம்பு, சாதிக்காய் என்றால் ஐயாவு முதலாளி. இரத்தோட்டைப் பக்கமிருந்து சரக்கு கொண்டுவருகிறவர்கள் தராசைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிறுப்பார்கள். நான் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. என் மனைவி மங்களேஸ்வரி அதையே ஒரு குறையாகச் சொல்வாள். "நீங்க ஒருக்கா கத்தித் தொலைச்சாத்தான் என்னங்க? உள்ளுக்குள்ள என்ன ஓடுதுன்னாவது தெரியும்" என்பாள். கத்துவதற்கு என்ன இருக்கிறது? எதற்கும் ஒரு காரணம் இருக்கும். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் போதும்.

இந்த வருடம் மாசி மகத் திருவிழாவுக்கு எங்கள் தெருவின் மின்னொளி உபயம் என்னுடையது. உங்களுக்கு விளங்கும்படி சொன்னால், கொடியேற்றத்திலிருந்து தேர் முடியும்வரை தெரு முழுக்க எரிகிற அலங்கார லைட்டுகளுக்கு என் வீட்டிலிருந்து கரண்ட் போகும். அம்மனுக்கு என் காணிக்கை அது. கரண்ட் வேலை செய்கிற ஸக்கரியா பாஸ்தான் வயர் இழுத்துக் கொடுத்தார். தெரு முனையில் பெரிய வளைவு, அதில் பல்பாலேயே செய்த அம்மன். கையிலிருக்கும் சூலம் மட்டும் பச்சையும் சிவப்புமாக மாறி மாறி எரியும். பகலில் அணைத்து வைக்கலாமா என்று ஸக்கரியா பாஸ் கேட்டார். அம்மன் பகலில் தூங்குவதில்லையே பாஸ், எரியட்டும் என்றேன். பொழுது சாய்ந்ததும் ஒலிபெருக்கியில் "மின்னொளி உபயம், ஐயாவு முதலாளி குடும்பத்தினர்" என்று சொல்வார்கள். அந்த நேரம் பார்த்து எனக்கு வாசலில் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.

நல்லம்மா எங்கள் பின் அறையில் குடியிருந்தவள். இரத்தோட்டையில் தேயிலைத் தோட்டத்துப் பெண். அவள் புருஷன் அழகமுத்து கண்டியில் ஒரு கடையில் வேலைக்கு நின்றான். தை மாதம் அங்கே குண்டு வெடித்தபிறகு பொலிஸ் பிடித்துக்கொண்டு போன ஆட்களில் அவனும் ஒருவன். அடையாள அட்டையில் தோட்டத்து முகவரி, இருந்தது கண்டியில், பேசியது தமிழில். அதற்குமேல் காரணம் வேண்டியிருக்கவில்லை. செய்தி கேட்ட வாரமே அவளுக்கு வலி வந்துவிட்டது. மாதம் நிறையாத பெண்பிள்ளை. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, உடம்புச் சூடு குறையாமல் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார்கள். கொடியேற்றத்தன்றுதான் பிள்ளையோடு வந்து இறங்கினாள். தெருவெல்லாம் லைட்டைப் பார்த்துவிட்டு, "எம்புள்ளைக்கா மொதலாளி இம்புட்டும்?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல பெண், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

தேருக்கு ஒரு வாரம் இருக்கும்போது பில் வந்தது. வழக்கமாக வருவதைப் போல மூன்று மடங்கு. மீட்டர் பார்க்கிறவரைத் திரும்பக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டு மீட்டரைப் பார்த்துவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் என்னையும் பார்த்தார், வாசலையும் பார்த்தார், சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு மரியாதை குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் தேட ஆரம்பித்தேன். முதலில் பிரிட்ஜை நிறுத்தினேன். தயிர் புளித்துப்போனது, வேறு மாற்றம் இல்லை. பிறகு மங்களத்தின் பிளெண்டரைப் பூட்டி வைத்தேன். அவள் அம்மியைக் கழுவும்போது போட்ட சத்தத்தில் பல்லியெல்லாம் ஓடிவிட்டது. அயன் பண்ணாத சட்டையோடு இரண்டு நாள் கடைக்குப் போனேன். கடைசியில் வீட்டுக்குள் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, மீட்டருக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மீட்டருக்குள் ஒரு வட்டத் தகடு சுற்றும், பார்த்திருப்பீர்கள். வீட்டில் ஒன்றும் எரியாவிட்டால் அது நிற்க வேண்டும். அது நிற்கவில்லை. கூத்துப் பார்க்கக் கிளம்பினவனைப் போல ஓடிக்கொண்டிருந்தது.

"மீட்டர்ல என்னங்க படம் ஓடுது? எனக்கும் ஒரு டிக்கெட் எடுங்க" என்றாள் மங்களம். நான் சிரிக்கவில்லை. அவளும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "வாசல்ல அத்தன லைட் எரியிதே, அதயும் சேத்துப் பாருங்களேன்" என்றாள்.

கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அம்மனுக்குக் கொடுத்ததை எண்ணிப் பார்க்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அர்ச்சனைத் தட்டில் வைத்த பழத்தை எடுத்து யாராவது நிறுத்துப் பார்ப்பார்களா? அது என் மீட்டர் வழியாகப் போகிறதே தவிர, என் கரண்ட் இல்லை. கொடுத்த அன்றே அம்மனுடையதாகிவிட்டது. மங்களம் பயந்துபோய் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். ஆகவே வாசலை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தேடினேன்.

பட்டப்பகலில் பின் அறைக் கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. தட்டினேன். நல்லம்மா கதவைத் திறந்ததும் உள்ளே இருந்து ஒரு வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. கட்டிலில் ஒரு பிஸ்கட் பெட்டி, உள்ளே பழைய சேலைத் துணி, துணிக்குள் பிள்ளை. பெட்டிக்கு மேலே ஒரு பல்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். தோட்டத்து பங்களாவில் வேலை செய்தபோது, கோழிக்குஞ்சுகளை அப்படிப் பல்புக்குக் கீழே வைத்திருப்பதைப் பார்த்தவளாம்.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. பேர் இன்னும் வைக்கவில்லை. அழகமுத்து வந்துதான் வைக்க வேண்டும் என்று காத்திருந்தாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஹாஜியார். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். சுடுதண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்தால் ஆகாதா என்று பக்குவமாகத்தான் கேட்டேன்.

"வச்சுப் பாத்தேங்க மொதலாளி. நான் கண்ணசந்தா போத்தல் ஆறிப் போயிருது. புள்ளையும் சில்லுன்னு ஆயிருது. கொஞ்ச நாளுதாங்க. கன்னத்துல சத கொஞ்சம் வச்சிருச்சுன்னா நானே நிப்பாட்டிருவேன்."

எரியட்டும், பரவாயில்லை என்று சொன்னேன். சொன்னேன், ஆனால் வீட்டுக்குள் வந்ததும் மனதில் ஒரு நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது. வாடகைப் பேச்சின்படி அவளுக்கு அறையில் ஒரு பல்ப், அதுவும் இருட்டினபிறகு. இது இரவு பகலாக எரிகிறது. இனி அதை நிரூபிக்க வேண்டியதுதான். பின் அறைக்குத் தனி பியூஸ் உண்டு. அதைக் கழற்றிவிட்டு மீட்டரைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். ஆனால் அவளைக் கேட்டுக்கொண்டு செய்ய முடியாது. கேட்டால் அழுவாள். அழுகிற பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரால் மீட்டர் பார்க்க முடியும்?

அதனால் தேரன்றைக்குக் கற்பூரச் சட்டி எடு என்று அவளுக்கு நான்தான் சொன்னேன். புருஷன் வெளியே வர வேண்டுமென்று வேண்டிக்கொள், அம்மன் கைவிட மாட்டாள் என்றேன். தீட்டும் கழிந்திருந்தது. பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தயங்கினாள். மங்களம் பார்த்துக்கொள்வாள் என்றேன். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். சட்டிக்கும் கற்பூரத்துக்கும் நான்தான் காசு கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஊரில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

தேரன்று பிற்பகல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பின் அறைக்குத் தகரக் கூரை, சிமெந்துத் தரை. நல்லம்மா மஞ்சள் சேலையோடு, ஈரத் தலையோடு வந்து நின்றாள். "பால் குடுத்துட்டேங்க. தூங்குது. பல்ப் மட்டும் அணையாம பாத்துக்கங்கம்மா" என்று மங்களத்திடம் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனாள். மங்களம் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாயும் நேரம் தேர் எங்கள் தெருவுக்குத் திரும்புகிறது என்று சத்தம் கேட்டது. உபயகாரர் தம்பதியாகத்தான் வாசலில் நிற்க வேண்டும், வா என்று மங்களத்தைக் கூப்பிட்டேன். "புள்ள தனியா கெடக்குமேங்க" என்றாள். பல்ப் இருக்கிறதே என்றேன். அவள் சேலை மாற்றப் போனாள். நான் மீட்டரிடம் போய்ப் பின் அறைப் பியூஸைக் கழற்றினேன்.

தகட்டைப் பார்த்தேன். அது அதே வேகத்தில் ஓடியது. கொஞ்சமும் குறையவில்லை. இதை நான் மறைக்கவில்லை, ஹாஜியார். குறையவில்லை என்று என் கண்ணாலேயே பார்த்தேன். உடனே திருப்பி மாட்டியிருக்கலாம், அதற்கு ஒரு கை போதும். ஆனால் எடுத்த எடுப்பில் ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது, கொஞ்ச நேரம் விட்டுப் பார்ப்பதுதான் நியாயம் என்று பட்டது. பியூஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

அந்த வாசலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பச்சையும் சிவப்புமாகத் தெரு முழுக்க வெளிச்சம். ஒலிபெருக்கியில் என் பேரைச் சொன்னார்கள். குருக்கள் இறங்கி வந்து என் தலையில் பரிவட்டம் கட்டினார். திருநீறு வாங்கக் குனிந்தபோது பியூஸ் நெஞ்சில் குத்தியது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், ஊரும் நம்பும். நான் மறக்கவில்லை. குத்திக்கொண்டே இருந்தது.

தேரோடு சந்திவரைக்கும் உபயகாரர் நடந்து போவது வழக்கம். "ஒரு எட்டு புள்ளயப் பாத்துட்டு வந்திர்றேங்க" என்றாள் மங்களம். நான் பார்த்துவிட்டேன், நன்றாகத் தூங்குகிறது என்றேன். நான் பார்க்கவில்லை. அவள் பார்த்தால் பல்பு எரியாதது தெரிந்துவிடும், பியூஸை மாட்டச் சொல்வாள், பரிசோதனை பாதியில் நின்றுவிடும். அதனால் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் நல்லம்மா சட்டியோடு வந்ததைக் கண்டோம். நெருப்பு வெளிச்சத்தில் முகம் வேர்த்துப் போயிருந்தது. எங்களைக் கண்டதும் ஒரு கணம் நின்றாள். "புள்ள?" என்று மங்களத்தைக் கேட்டாள். மங்களம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். நல்லம்மா சந்தோஷமாக நடந்து போனாள்.

சட்டியை இறக்கி வைத்துவிட்டு எங்களுக்கு முன்பே அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நாங்கள் வந்தபோது கதவு திறந்திருந்தது, உள்ளே இருட்டு. பிள்ளையை ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்து, முதுகைத் தேய்த்துத் தேய்த்து ஊதிக்கொண்டிருந்தாள். மங்களம் கை வைத்துப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளிச்சம் இல்லாமல் யார் என்ன செய்ய முடியும்? நான் போய்ப் பியூஸை மாட்டினேன். பல்ப் எரிந்தது. நல்லம்மா முதலில் பல்பைப் பார்த்தாள், பிறகு வாசற்படியில் வந்து நின்ற என்னைப் பார்த்தாள்.

எனக்குத் துக்கம் இல்லாமல் இல்லை. சாப்பாடு இறங்காமல் இருந்தேன். நல்லம்மா இரத்தோட்டைக்கே போய்விட்டாள். மங்களம் அவளோடு துணைக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. பியூஸை நான் கழற்றினேன், தெரிந்தே கழற்றினேன், தெரிந்தே மாட்டாமல் விட்டேன். வாக்குமூலத்தில் இதைத்தானே நீங்கள் எழுத வேண்டும், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அநியாயமாகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

இந்த மாதப் பில் நேற்று வந்தது. கொண்டுவந்திருக்கிறேன், பாருங்கள். பழையபடி இறங்கிவிட்டது. தேர் முடிந்து லைட்டைக் கழற்றினதால் இறங்கியது என்று ஸக்கரியா பாஸ் கடைத்தெருவில் சொல்லித் திரிகிறாராம். பாவம், அவருக்கு எங்கள் கோயில் முறை தெரியாது. அடுத்த வருட மின்னொளி உபயத்துக்கும் நேற்றே பேர் கொடுத்துவிட்டேன், வளைவை இன்னும் பெரிதாகப் போடச் சொல்லி. பின் அறையை இனி யாருக்கும் வாடகைக்கு விடப் போவதில்லை, ஆகவே பில் ஏறுவதற்கு வழியே இல்லை.