திங்கட்கிழமை வரவேண்டிய குழாய்

— முடியாதுன்னா முடியாதுங்க, டோனா இவோனி. பெட்ரோல் வண்டிய எத்தனாலுக்கு, கரும்புச் சாராயத்துக்கு, மாத்துற வேலைய விட்டு மூணு வருஷமாச்சு. இப்ப பஞ்சர் ஒட்டித்தான் காலந்தள்ளுறேன். கரும்பாலை ஊர்ல மெக்கானிக்குக்கா பஞ்சம்? வேற எடத்துல விடுங்க.

— நீதான் செய்யணும் ஜெனெசியோ. சின்னவன் வலேரியோ வாங்கிட்டு வந்திருக்கான். பழைய டர்போ, பெட்ரோல் வண்டி. கலரக்கூடப் பாரு, அதே செவப்பு.

— பாத்தேன். நீங்க ஓட்டிக்கிட்டு உள்ள வந்தப்பவே கதவ இழுத்து மூடப் பாத்தேன். எலிசெயுவுக்கு அப்படி ஆனப்புறமும் தம்பிக்கு எப்படிங்க இந்த ஆசை வருது?

— அண்ணன் ஆசைப்பட்ட வண்டின்னு வாங்கினான். நான் வேணாம்னா கொல்லையில அவனே ஸ்பேனரத் தூக்கிடுவான். இருக்கிறது ஒண்ணே ஒண்ணு எனக்கு. சொல்லு, என்னென்ன மாத்தணும்?

— பெரிய இன்ஜெக்டர் போடணும். எத்தனால் கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு குடிக்கும், பெட்ரோல் அளவுக்கே குடுத்தா இஞ்சின் வெந்துபோகும்.

— இன்னும்?

— பம்ப்பு. பிளக்கு. தீப்பொறி விழுற நேரத்த முன்ன தள்ளணும். அப்புறம் அந்தச் சின்ன டப்பா. நம்ம பக்கம் ஜூன்ல குளிர்காலம், காலையில எத்தனால் பத்திக்காது, டப்பாவுலருந்து ரெண்டு சொட்டு பெட்ரோல் அடிச்சாத்தான் கெளம்பும். உங்க வீட்டுக்காரரு அத நெரப்ப மறந்துட்டு, தெருவே தள்ளிவிட்டதெல்லாம் உண்டே.

— பேச்ச மாத்தாத. இன்னும்?

— அவ்வளவுதாங்க.

— அவ்வளவுதானா? குழாயச் சொல்லல நீ.

— அந்தப் பேச்சு உங்க முன்னாடி வேணாங்க.

— சொல்லுப்பா. நான் பயந்துட மாட்டேன்.

— ரப்பர் குழாய் அத்தனையும் மாத்தணும். பழைய ரப்பர் எத்தனால்ல ஊறி விட்டுப்போகும். பக்கத்துலயே டர்போ சட்டி மாதிரி கொதிக்கும், அதுல ஒரு சொட்டு விழுந்தாப் போதும். நெருப்பும் தெரியாதுங்க. உச்சி வெயில்ல எத்தனால் எரிஞ்சா கண்ணுக்கே தெரியாது.

— தெரியாதுதான். ஞாயித்துக்கிழமை மத்தியானம், அவன் கட்டிக்கிறதா இருந்த பொண்ணு வீட்டு விருந்துக்குப் போற வழி. பானெட்டத் தொறந்து உள்ள கைய விட்டிருக்கான். எதிர்க் கடையில இருந்தவங்க, உடம்புல தீ தெரியாம, எம்புள்ள ஆடுறான்னு சிரிச்சாங்களாம், ஜெனெசியோ. சிரிச்சாங்களாம்.

— போதும் டோனா, நிறுத்துங்க.

— நீ கேட்டுத்தான் ஆகணும். நீ எத்தனாலுக்கு மாத்தின அவன் வண்டியில ஒரு குழாய் மட்டும் மாத்தாம இருந்துச்சு. ஏன்?

— புதுசு வரல. கடைக்காரன் திங்கக்கிழமை அனுப்புறேன்னான்.

— அது போதும் ஊருக்கு, பையன எரிச்சவன்னு உனக்குப் பேரு வெச்சிட்டாங்க. நானும் சும்மா கேட்டுக்கிட்டிருந்தேன். சந்தையில என் கடைக்கு நீ வந்து நின்னப்ப, பானை நெறைய பமோன்யா, சோளக் கொழுக்கட்டை, கொதிக்குது, தீந்துபோச்சுன்னேன். நெனப்பிருக்கா?

— இருக்குங்க. அது நியாயந்தானே.

— நியாயமில்லப்பா! அதச் சொல்லத்தான் வந்தேன். ஆஸ்பத்திரியில பதினோரு நாள் கெடந்தானே, ஒம்பதாம் நாள் ராத்திரி எங்கிட்டச் சொன்னான். “அம்மா, ஜெனெசியோ மேல தப்பில்ல. புதுக் குழாய் வராம வண்டி நகரக் கூடாதுன்னுதான் சொன்னாரு. அவரு சாப்பிடப் போன நேரத்துல, ஆணியில தொங்கின சாவிய நாந்தான் திருட்டுத்தனமா எடுத்தேன்”னான்.

— எலிசெயுவா? அப்படியா சொன்னான்?

— ஒதடெல்லாம் வெந்துபோயிருந்துச்சு. அதோட ரெண்டு தடவை சொன்னான், எனக்குப் புரியலியோன்னு. நான் அத வெளிய விடல. செத்துப்போன புள்ளையத் திருடன்னு சொல்ல எனக்கு வாய் வரல. உன் பட்டறை காலியாகறதப் பாத்துக்கிட்டே மூணு வருஷம் சும்மா இருந்தேன். பாவி நான். வர்ற ஞாயித்துக்கிழமை கோயில்ல எல்லார் முன்னாடியும் சொல்லிடப்போறேன். ஃபாதர்கிட்டயும் பேசிட்டேன்.

— வேணாங்க. தயவுசெஞ்சு அதச் சொல்லாதீங்க.

— சொல்லுவேன். ஒனக்கு ஒம் பேரு திரும்பி வரணும். வலேரியோவும் ஒத்துக்கிட்டான், ஜெனெசியோ கை பட்டாத்தான் வண்டிய எடுப்பேங்கிறான். இந்தா சாவி. வாங்கு. ஏன்ப்பா கைய பின்னால கட்டிக்கிற? ஐயோ, ஏன் இப்படி அழுவுற? ஒம் மேலதான் தப்பே இல்லியே!

— டோனா, அன்னிக்கு நான் சாப்பிடவே போகல. ஆணியில சாவியும் இல்ல. “ஒரு நாள்தானே, தாங்கும், பொண்ணு வீட்டுக்கு ஜம்முனு போய்ட்டு வாடா”ன்னு அவன் கையில சாவியக் குடுத்து அனுப்பினது நான்தாங்க.