நாலு வருஷத்துக்கு என்ன எழுதுவது

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு டீச்சரம்மாவும் அவர் தம்பியும் இருந்தார்கள். டீச்சரம்மா மறுபடி பள்ளிக்கூட வேலைக்கு மனுப் போடப் போகிறார். படிவம் அந்த அம்மாவின் மடியில் இருந்தது; வேலையில் இல்லாத வருஷங்களுக்கான கட்டம் மட்டும் காலி.

"நாலு வருஷம் சீக்காக் கெடந்தேன்னு எழுதிடுக்கா" என்றான் தம்பி. அதைக் கேட்டுத்தான் நான் காதைக் கொடுத்தேன்.

"சீக்காக் கெடந்தது உன் அத்தான்டா. நான் வேலைய விட்டுட்டு வயல்ல எறங்கி நட்டேன்."

"நட்டேன்னு எழுதினா சிரிப்பாங்க. வீட்ல சும்மா இருந்தேன்னு எழுது."

"புத்திசாலிடா நீ. குத்தகை நிலத்துல நாங்களே பாடுபடறோம்னு தாசில்தார் முன்னாடி கையெழுத்துப் போட்டிருக்கேன். சும்மா இருந்தேன்னு இப்ப எழுதினா, எங்கள வெளியேத்தக் கேஸ் போட்டிருக்கிற மிராசுதாரோட வக்கீல் இந்தக் காகிதத்தையே கொண்டுபோய்க் காட்டுவாரு. அப்ப யாரு சாகுபடி பண்ணினதுன்னு கேப்பாரு. சொந்தமாப் பாடுபடாத குத்தகைக்காரங்களுக்குச் சட்டத்துல பாதுகாப்பு இல்ல. நெலம் போயிடும்."

"பள்ளிக்கூடம் நடத்துறவங்களும் மிராசுதாருங்கதான்க்கா. குத்தகைக் கேஸுன்னு தெரிஞ்சா வேலை குடுப்பாங்களா?"



"குடுக்கலைன்னா வேற பள்ளிக்கூடம் பாக்கலாம். வேற நெலம் யாருடா குடுப்பா?"

ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. ஆட்டம் இல்லாத அந்த நேரத்தில் டீச்சரம்மா தம்பியிடம் பேனாவை வாங்கி, கரும்பலகையில் எழுதுவதுபோல நிறுத்தி எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'நான்கு ஆண்டுகள் குத்தகை நிலத்தில் சொந்த உழைப்பில் சாகுபடி செய்தேன்.'

"'சொந்த உழைப்பில்'னு வேற வேணுமாக்கா?"

"அதுதான்டா வேணும்" என்று அதன் அடியில் ஒரு கோடும் போட்டார்.