துளசி மாடத்துத் தும்பை

அம்பகரத்தூரிலிருந்து காரைக்கால் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "துளசி மாடத்துல தும்பை போட்டிருக்கேன்க்கா."

"அங்க எதுக்குடி?"

"கொல்லையில மூணு தடவை வெதச்சேன். மூணு தடவையும் எங்க வீட்டுக்காரரு புடுங்கிப் போட்டுட்டாரு. வயல்ல களையெடுத்த கை, தும்பையைக் கண்டா சும்மா இருக்காது. பூவுல தொவையல் அரைக்கலாம்னா சிரிக்கிறாரு. மாடத்துல கை வைப்பாரா? இப்ப வெள்ளை வெளேர்னு பூத்துக் கெடக்கு."

"தொவையல் அரைச்சியா?"

"அரைச்சேன். ரெண்டாந்தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாரு."

"நல்லாருக்குன்னு சொன்னாரா?"

"காலையில பாத்தா செம்பும் கையுமா மாடத்துக்கிட்ட நிக்கிறாரு. துளசிக்குத் தண்ணி ஊத்துறாராம். துளசி அந்தப் பக்கம் இருக்கு, தண்ணி பூராவும் தும்பையில விழுது."