குளித்துவிட்டு மிதிக்க வேண்டிய கம்பளம்

கிள்ளான் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். இளையவர் சொன்னார்:

"எங்க வீட்டு ஹால் நடுவுல, குளிச்சிட்டு வந்தாதான் கால் வைக்கலாம்க்கா."

"ஏன், அங்கதான் சாமி மேடையா?"

"கார்ப்பெட்லா! பழைய பாரசீகக் கம்பளமாம், கையாலயே முடிச்சுப் போட்டு நெய்ததாம். எங்க வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்தாரு. அன்னையிலேருந்து எல்லாரும் சுவரோரமாத்தான் நடக்கிறோம். தீபாவளிக்கு வந்தவங்களும் அப்படித்தான்."

"அப்ப யாருதான் மிதிக்கிறது?"

"அவரு மட்டும் ஞாயித்துக்கிழமை தலைக்குக் குளிச்சிட்டு, அதுல படுத்துக் குறட்டை விடுவாரு. கம்பளத்தத் தூக்கி வெளிய போடுறேன்னு சண்டைகூடப் போட்டேன்."

"போட்டுட்டியா?"

"போன வாரம் நானும் குளிச்சிட்டுப் போய்ப் பக்கத்துல படுத்தேன்க்கா. எந்திரிக்கவே மனசு வரல. பிள்ளைங்கதான் சுவரோரமா நின்னு, 'அம்மா, பசிக்குது'ன்னு கூப்பிட்டாங்க."